வீடு ஒரு பக்கம், உதவி ஒரு பக்கம்: ஆட்டிசம் உள்ளவர் பெரியவரான பிறகு

ஆட்டிசம் உள்ள பிள்ளையை வளர்க்கிற பெற்றோர் எல்லோரும் ஒரு கட்டத்தில் வந்து நிற்கிற கேள்வி ஒன்றுதான்: எங்களுக்கு அப்புறம் இவனை யார் பார்த்துக்கொள்வார்கள்? வழக்கமாக இரண்டு பதில்கள் கைவசம் இருக்கும். கூடப்பிறந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள்; இல்லாவிட்டால் நல்ல இல்லமாகத் தேடிச் சேர்த்துவிட வேண்டும். இரண்டிலுமே அந்தப் பிள்ளை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றப்படுகிறவராகவே இருக்கிறார். அவருக்கு முப்பது வயது ஆகியிருக்கும். எங்கே, யாருடன் வாழ விருப்பம் என்று அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு. ஆதரவோடு வாழ்தல் என்று அதைச் சொல்கிறார்கள். அவருக்கென்று ஒரு வீடு. அந்த வீட்டுக்கு, அவருக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு ஆள் உதவி. வாரத்துக்கு மூன்று மணி நேரமாக இருக்கலாம், இரவும் பகலும் ஒருவர் கூடவே இருப்பதாகவும் இருக்கலாம். சொல்ல எளிதாக இருக்கிறது. எங்கே உண்மையிலேயே நடக்கிறது, எங்கே பெயரளவில் நின்றுவிடுகிறது என்று தெரிய வேண்டுமானால் கொஞ்சம் உள்ளே போக வேண்டும்.

உலகில் முதன்முதலாக ஆட்டிசம் என்று அடையாளம் காணப்பட்டவரின் கதையே இதற்கு நல்ல தொடக்கம். மனநல மருத்துவர் லியோ கேனர் 1943ல் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் முதலாவதாக வரும் சிறுவன் டொனால்ட் டிரிப்லெட். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூர்க்காரர். பிறந்தது 1933ல். நான்கு வயது நிறைவதற்குள் அவரைக் குழந்தைகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில் சேர்த்தார்கள். ஒரு வருடத்தில் பெற்றோரே போய்த் திரும்ப அழைத்து வந்துவிட்டார்கள். 1942ல் வீட்டிலிருந்து பத்து மைல் தள்ளி ஒரு விவசாயத் தம்பதியிடம் தங்க வைத்தார்கள். 1945ல் அங்கே போய்ப் பார்த்த கேனர் குறித்து வைத்திருப்பது சுவாரசியமானது. பையன் எதையாவது அளந்துகொண்டே இருப்பான். அந்தத் தம்பதி அவனைக் கிணறு தோண்ட வைத்து, ஆழம் எவ்வளவு என்று அளந்து சொல்லச் சொன்னார்கள். சோளக் கொல்லையில் வரிசைகளைத் திரும்பத் திரும்ப எண்ணுவான். உழுதுகொண்டே எண்ணு என்று ஏரைக் கையில் கொடுத்தார்கள். எண்ணுவதை நிறுத்தச் சொல்லவில்லை, எண்ணுவதற்குப் பக்கத்தில் ஒரு வேலையைக் கொண்டு போய் வைத்தார்கள். படிப்பறிவு பெரிதாக இல்லாத இரண்டு பேர் செய்த இந்த ஏற்பாட்டைவிடச் சிறந்ததை அதற்குப் பின் வந்த பல பயிற்சிக் கையேடுகளில் பார்ப்பது கடினம்.

டொனால்ட் கல்லூரிப் படிப்பை முடித்தார், ஊர் வங்கியில் வேலை பார்த்தார், 27 வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார், கோல்ஃப் ஆடினார், தனியாகவே பல நாடுகளுக்குப் போய் வந்தார். பெற்றோர் மறைந்த பிறகும் அவர்கள் வீட்டிலேயே வாழ்ந்து 2023ல் 89 வயதில் இறந்தார். அதே பதினொரு பேரில் அரசு மனநல விடுதிகளுக்குப் போனவர்களின் கதி வேறு. 1971ல் அவர்களைத் தேடிப் பார்த்து எழுதிய கேனர், விடுதிக்குள் போனது ஆயுள் தண்டனைக்குச் சமமாகிவிட்டது என்று வருந்தினார். சிறு வயதில் இருந்த திறமைகள்கூட அங்கே மங்கிப் போயிருந்தன.

டொனால்ட் கதையை மனதைத் தொடும் கதையாகச் சொல்லி முடித்துவிடுவது சுலபம். அவர் வேலை பார்த்த வங்கி அவருடைய தாய்வழிக் குடும்பத்தினுடையது என்பதை மறந்துவிடக் கூடாது. ஊரே அவரை அறிந்திருந்தது, கிண்டல் செய்பவர்களை ஊரே அடக்கி வைத்தது. பணமும் செல்வாக்கும் அவருக்குச் செய்து கொடுத்ததை, அவை இல்லாதவர்களுக்கு யார் செய்து கொடுப்பது? ஆதரவோடு வாழ்தல் என்ற ஏற்பாடே இந்தக் கேள்வியிலிருந்துதான் பிறக்கிறது.

அந்த எண்ணத்துக்கு வடிவம் கொடுத்தவர்களில் பலர் ஆட்டிசத்தோடு தொடர்பில்லாதவர்கள். போலியோவால் கழுத்துக்குக் கீழே செயலிழந்து, இரவில் மூச்சு விட உதவும் இரும்பு நுரையீரல் இயந்திரத்துக்குள் தூங்கிய எட் ராபர்ட்ஸும் அவருடைய நண்பர்களும் கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1972ல் சுதந்திர வாழ்வு மையத்தைத் தொடங்கினார்கள். தன் கையால் சட்டை மாட்ட முடியாத ஒருவர், எந்தச் சட்டை, எத்தனை மணிக்கு, யார் மாட்டிவிடுவது என்பதைத் தானே முடிவு செய்தால் அவர் சுதந்திரமானவர்தான் என்பது அவர்கள் வாதம். ஐ.நா. பொதுச்சபை 2006ல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19ஆவது பிரிவு இதைச் சட்ட மொழியில் சொல்கிறது: எங்கே, யாருடன் வாழ்வது என்பதை மற்றவர்களுக்குச் சமமாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு, குறிப்பிட்ட ஓர் ஏற்பாட்டில்தான் வாழ வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. 2017ல் இதற்கு விளக்கம் எழுதிய ஐ.நா. குழு இன்னும் ஒரு படி மேலே போனது. நூறு பேருக்கு மேல் இருக்கும் விடுதி, ஐந்து முதல் எட்டுப் பேர் இருக்கும் சிறு இல்லம், ஏன், ஒருவர் மட்டும் இருக்கும் தனி வீடுகூட, எப்போது எழுவது, யார் உதவுவது என்பதெல்லாம் வேறொருவர் கையில் இருந்தால் சுதந்திர வாழ்க்கை என்ற பெயருக்குத் தகுதி பெறாது என்றது.

ஆக, கட்டடத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. பார்க்க வேண்டியது வேறு: வீடும் உதவியும் தனித்தனி ஒப்பந்தங்களாக இருக்கின்றனவா? இல்லம் என்றால் படுக்கை, சாப்பாடு, பராமரிப்பு மூன்றும் ஒரே கையிலிருந்து வருகின்றன. பராமரிப்பவர் மேல் புகார் சொன்னால் படுக்கைக்கே ஆபத்து வருமோ என்ற பயம் அங்கே எப்போதும் உண்டு. ஆதரவோடு வாழ்தலில் வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில் இருக்கும், அல்லது வீடே அவருடையதாக இருக்கும். உதவிக்கு ஆள் அனுப்பும் அமைப்பு சரியில்லையா, அமைப்பை மாற்றலாம். அவர் வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை. அமைப்பு சரி, உதவியாளர் மட்டும் ஒத்துவரவில்லை என்றால் ஆளை மாற்றலாம்.

இப்படி ஓர் இடத்தைப் பார்க்கப் போகிற குடும்பங்கள் அறையின் சுத்தத்தையும் தோட்டத்தையும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். நான் கேட்கச் சொல்வது வேறு சில கேள்விகள். வாசல் சாவி யாரிடம் இருக்கிறது? உதவியாளர் கதவைத் தட்டிவிட்டு வருவாரா, திறந்துகொண்டு வருவாரா? ராத்திரி ஒரு மணி வரை விழித்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றினால் என்ன நடக்கும்? கூட இருப்பவரை அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் யார் வெளியேற வேண்டும்? இந்த நான்குக்கும் கிடைக்கும் பதிலிலேயே பெரும்பாலும் விஷயம் தெரிந்துவிடும்.

ஆட்டிசத்தில் இதற்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. யாருக்கு எவ்வளவு உதவி வேண்டும் என்று மேலோட்டமாகப் பார்த்துச் சொல்ல முடியாது. அறிவுத்திறன் சோதனையில் நல்ல மதிப்பெண் எடுப்பவர்களிடம்கூட, குளிப்பது, சமைப்பது, பில் கட்டுவது போன்ற அன்றாடத் திறன்கள் அந்த மதிப்பெண்ணைவிட வெகுவாகத் தாழ்ந்து இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பட்டம் வாங்கியவர், சரளமாகப் பேசுகிறவர், மூன்று நாளாகக் குளிக்காமல் இருப்பார். சோம்பேறி என்று பெயர் வாங்குவார், உதவி கேட்டால் உங்களுக்கு எதற்கு என்பார்கள். இன்னொரு பக்கம், பேச்சே வராதவர் எதையும் தேர்ந்தெடுக்கத் தெரியாதவர் என்று முடிவு கட்டப்படுகிறார். உள்ளுக்குள் அவருக்குத் திட்டவட்டமான விருப்பு வெறுப்புகள் இருக்கும். கேட்கும் விதத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

உடலுக்குள்ளிருந்து வரும் செய்திகளும் எல்லோருக்கும் போல வருவதில்லை. பசி, தாகம், சிறுநீர் முட்டுவது, பல்வலி எல்லாம் தெளிவில்லாமல் வரலாம், தாமதமாக வரலாம், திடீரென்று தாங்க முடியாத அளவில் வரலாம். தனியாக வாழ்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. அதோடு, திறன் என்பது தினமும் ஒரே அளவில் இருப்பதும் இல்லை. 2013ல் வந்த டி.எஸ்.எம்-5 என்ற மனநல நோயறிதல் கையேடு உதவித் தேவையை மூன்று நிலைகளாகப் பிரித்தபோது, அந்தத் தீவிரம் சூழலைப் பொறுத்து மாறும், காலப்போக்கில் ஏறி இறங்கும் என்றும் சேர்த்தே சொன்னது. நிலையின் எண்ணை மட்டும் எல்லோரும் நினைவில் வைத்துக்கொண்டார்கள். சில வருடங்கள் சமாளித்து வந்தவர், வேலை மாற்றத்தாலோ ஓயாத சத்தத்தாலோ, இயல்பாக இருப்பதுபோல் நடித்து நடித்தே களைத்துப்போயோ, செய்துகொண்டிருந்ததையும் செய்ய முடியாமல் முடங்குவது உண்டு. அப்போது உதவி கூடுதலாக வேண்டும், பிறகு குறையலாம். ஏற்பாட்டில் அந்த நெகிழ்வு இருக்க வேண்டும்.

உதவி என்றால் என்ன என்பதை ஒரே ஒரு வேலையை வைத்துப் பார்ப்போம். இருபத்தேழு வயதுப் பெண் ஒருவர், இயந்திரத்தில் துணி துவைக்க வேண்டும். துணியைப் பிரிக்கத் தெரியும், பொத்தான்கள் தெரியும், சோப்புத்தூளின் அளவு தெரியும். ஆனாலும் துணி மலையாகக் குவிந்து கிடக்கிறது. ஏன்? ஒரு முறை போட்ட உடை அழுக்கா, இன்னும் போடலாமா என்று முடிவு செய்ய முடியாமல் நின்றுவிடுகிறார். அப்படியே போட்டாலும், துவைத்து முடிந்ததும் ஒலிக்கும் பீப் சத்தம் காதைக் கிழிப்பதால் அந்த நேரத்தில் அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். அப்புறம் துணி ஞாபகத்துக்கு வருவதில்லை. ஈரத்துணி நாற்றம் எடுத்ததும் அதைத் தொடவே முடியாது. இவருக்குத் துணி துவைக்கக் கற்றுக்கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை, அது தெரிந்ததுதான். ஒரு நாள் உடுத்தியது எல்லாம் கூடைக்குள் என்று ஒரு விதி, பீப் சத்தத்தை நிறுத்தி வைப்பது, நாற்பத்தைந்து நிமிடத்தில் அதிர மட்டும் செய்யும் ஒரு கடிகாரம். உதவியாளர் வாரம் ஒரு முறை எட்டிப் பார்த்தால் போதும். இதே வேலையில் வேறொருவருக்குச் சிக்கல் வேறு இடத்தில் இருக்கும், அவருக்கு இந்த ஏற்பாடு எதுவும் உதவாது.

உண்மையிலேயே படிப்படியாகக் கற்க வேண்டியவர்களுக்குக் கடைசிப் படியிலிருந்து தொடங்குவது நல்ல முறை. மற்ற எல்லாவற்றையும் உதவியாளர் சேர்ந்து செய்துவிட்டு, காய்ந்த துணியை அலமாரியில் வைப்பதை மட்டும் அவரிடம் விடுவது. வேலை முடிந்த திருப்தி அவருக்குக் கிடைக்கும். அது பழகியதும் ஒரு படி பின்னால் போகலாம். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது: வாயால் சொல்லிக்கொண்டே இருப்பது. 'இப்போ சோப்பு போடு, இப்போ மூடு' என்று சொல்வது உதவியாளருக்குச் சுலபம், நிறுத்துவதுதான் கடினம். சில மாதங்களில் அந்தக் குரலே வேலையின் ஒரு பகுதியாகிவிடும். குரல் வராவிட்டால் அவர் அப்படியே நிற்பார். சுவரில் ஒட்டிய படங்கள், கைபேசி நினைவூட்டல் போன்றவை அவர் கையிலேயே இருப்பவை, யாரும் பக்கத்தில் இல்லாவிட்டாலும் வேலை செய்பவை.

இன்னொன்றும் உண்டு. அம்மா வீட்டு இயந்திரத்தில் கற்றது புது வீட்டு இயந்திரத்துக்குத் தானாக வந்து சேராது. ஒரு சூழலில் கற்றதை இன்னொரு சூழலுக்குக் கொண்டுபோவது ஆட்டிசம் உள்ள பலருக்குச் சிரமம். 'எல்லாம் கற்றுக்கொள்ளட்டும், தயாரானதும் தனியே அனுப்பலாம்' என்ற எண்ணம் இங்கேதான் அடிபடுகிறது. பயிற்சி மையத்தில் பத்து வருடம் சமைக்கப் பழகியவர் சொந்த அடுப்பைப் பார்க்காமலேயே நாற்பதைத் தொட்டுவிடுவார். தேர்வில் பாஸ் ஆனால்தான் வீடு என்று வைப்பது தவறு என்பதே என் கருத்து. எந்த வீட்டில் வாழப் போகிறாரோ அந்த வீட்டில், போதிய உதவியோடு குடியேறி, அங்கேயே கற்றுக்கொள்ள வேண்டும்.

ஆனால் சொந்த வீடு கிடைத்ததாலேயே வாழ்க்கை மாறிவிடாது என்பதையும் அனுபவம் காட்டியிருக்கிறது. பிரிட்டனில் பெரிய விடுதிகளை மூடிச் சிறு வீடுகளுக்கு ஆட்களை மாற்றிய 1980களில் ஜிம் மேன்செல் போன்ற ஆய்வாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். சில வீடுகளில் குடியிருப்பவர்கள் நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஊழியர்கள் ஓடி ஓடிச் சமைத்தார்கள், பெருக்கினார்கள், துவைத்தார்கள். ஹோட்டலில் தங்கியதுபோல. எல்லோரும் நல்லவர்கள்தான், வேலையும் நேரத்துக்கு முடிந்துவிடும். அதனாலேயே யாருக்கும் தவறாகத் தோன்றுவதில்லை. உதவியாளரின் வேலை வீட்டை நடத்துவது என்றிருந்ததை, குடியிருப்பவர் தன் வீட்டைத் தானே நடத்தத் தோள் கொடுப்பது என்று மாற்றிப் பயிற்சி கொடுத்த இடங்களில் நிலைமை மாறியது. பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றுவது மட்டும் அவரால் முடியும் என்றால் அதை அவர்தான் ஊற்ற வேண்டும், இருபது நிமிடம் கூடுதலாக ஆனாலும்.

இந்தத் துறையில் ஆட்கள் அடிக்கடி மாறுவது எல்லா இடத்திலும் உள்ள தலைவலி. புதிதாக வருபவர் முதல் நாளே படிக்க ஒரு பக்கத் தாள் கட்டாயம் இருக்க வேண்டும். அதில் நோயறிதல் வரலாறு தேவையில்லை. 'இவர் வேண்டாம் என்பதற்கு முகத்தைத் திருப்பிக்கொள்வார், இரண்டாம் முறை கேட்டால் சரி என்று தலையாட்டிவிடுவார், அந்தச் சரியை நம்ப வேண்டாம்' என்பதுபோன்ற வரிகள்தான் வேண்டும். கேட்பவரைத் திருப்திப்படுத்துவதற்காகவே ஆமாம் சொல்லிப் பழகியவர்கள் நிறையப் பேர். பேச்சு வராதவரிடம் இரண்டு பொருட்களைக் காட்டிக் கேட்பது, படப் பலகையில் கேட்பது, ஒரு வார இறுதி தங்க வைத்து அவர் உடல் என்ன சொல்கிறது என்று பார்ப்பது, எல்லாமே கேட்கும் வழிகள்தான்.

முடிவெடுக்கும் உரிமை என்று வரும்போது சட்டம் குறுக்கே வருகிறது. பதினெட்டு வயதானதும் பாதுகாவலரை நியமித்து, அவரே எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுவது பல நாடுகளில் இன்னும் வழக்கம். ஐ.நா. உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு இதைத் திருப்பிப் போடச் சொல்கிறது. அவருக்குப் பதிலாக முடிவெடுக்காமல், அவர் முடிவெடுக்க உதவ வேண்டும். பெரு நாடு 2018ல் மாற்றுத்திறனாளிகளுக்கான பாதுகாவலர் முறையைச் சட்டத்திலிருந்து நீக்கி, ஆதரவுடன் முடிவெடுக்கும் முறையைக் கொண்டு வந்தது. இங்கிலாந்து, வேல்ஸில் 2005ல் வந்த மனத்திறன் சட்டம், ஒருவர் எடுக்கும் முடிவு புத்திசாலித்தனமாக இல்லை என்பதற்காக மட்டும் அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று கருதக் கூடாது என்கிறது. யோசித்துப் பார்த்தால், நம்மில் பலர் அந்த விதியின் தயவில்தான் பிழைத்துக்கொண்டிருக்கிறோம்.

அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நண்பராகப் பழகிப் பணத்தைக் கறப்பவர்கள், வீட்டிலேயே வந்து தங்கிவிடுபவர்கள் உண்டு. நட்புக்கு ஏங்கும் ஒருவர் அதைக் காலம் கடந்துதான் உணர்வார். அதனால் வங்கி அட்டையைப் பிடுங்கி வைத்துக்கொள்வது என்பதுதான் குடும்பங்கள் உடனே எடுக்கும் நடவடிக்கை. வாரச் செலவுக்கு மட்டும் பணம் வரும் ஒரு கணக்கை அவர் கையில் முழுக்க விட்டுவிட்டு, பெரிய தொகைக்கு அவர் நம்பும் இரண்டு பேரிடம் கலந்து பேசுவது என்று பிரிப்பது இதைவிட நல்லது. சின்னக் கணக்கில் அவர் ஏமாறலாம், வீண் செலவு செய்யலாம். இழப்பு தாங்கக்கூடியதாக இருக்கும், பணத்தைக் கையாளவும் அப்படித்தான் எல்லோரும் கற்கிறோம். திருட்டைவிடப் பரவலானது தனிமை. நாள் முழுக்கச் சம்பளம் வாங்குபவர்களை மட்டுமே பார்த்துப் பேசும் வாழ்க்கை அமைந்துவிடலாம். ரயில் அட்டவணையோ சதுரங்கமோ, அவருக்குப் பிடித்ததைச் சுற்றி மனிதர்களைச் சேர்ப்பதும் உதவித் திட்டத்தில் எழுதப்பட வேண்டிய வேலைதான்.

இந்த ஏற்பாட்டைக் கெடுப்பதற்கும் வழிகள் இருக்கின்றன. பழைய இல்லத்தையே வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அறைக்கும் ஒரு வாடகை ஒப்பந்தம் போட்டு, பெயர்ப் பலகையை மட்டும் மாற்றுவது ஒன்று. அதைவிட மோசமானது உதவி நேரத்தைக் குறைக்கும் வாதம். ஒருவர் நன்றாகச் சமாளிக்கிறார், நெருக்கடி எதுவும் இல்லை, ஆகவே வாரம் பதினைந்து மணி நேரம் எதற்கு என்று, யாருக்கு எவ்வளவு உதவி தேவை எனக் கணக்கிட வரும் மதிப்பீட்டாளர் எழுதுவார். கண்ணாடி போட்டிருப்பவருக்குத்தான் நன்றாகத் தெரிகிறதே என்று கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொள்வதுபோல. எது யாருடைய உதவியால் நடக்கிறது என்று உதவியாளர்கள் தினமும் இரண்டு வரி எழுதி வைத்தால், மதிப்பீட்டு நாளில் வாதாட அதுதான் கையில் இருக்கும்.

தன்னைத் தானே அடித்துக்கொள்கிறவர், இரவில் தூங்காதவர், தெருவில் இறங்கி ஓடுகிறவர் இவர்களுக்கெல்லாம் இது ஒத்துவருமா? இரண்டு உதவியாளர்கள் மாறி மாறி இருக்க, சொந்த வீட்டில் அமைதியாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். பலரோடு ஒரே கூடத்தில் சத்தத்துக்கு நடுவே இருந்ததுதான் பாதிப் பிரச்சினை என்று தனியே வந்த பிறகு தெரிந்ததும் உண்டு. ஆனால் இதற்கு ஆகும் செலவு அதிகம், பல இடங்களில் இந்த அளவு உதவி கிடைப்பதே இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் நல்ல இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர்கள் இருப்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இல்லாததற்குப் பொறுப்பு அவர்களுடையது இல்லை.

எப்போது தொடங்குவது? அம்மா அப்பா திடமாக இருக்கும்போதே. கடைசிவரை வீட்டில் வைத்துக்கொள்வது பாசத்தால் எடுக்கும் முடிவு. அதன் விளைவு பெரும்பாலும் இப்படி முடிகிறது: தாய் இறந்த வாரத்திலேயே வீடும் போய், அறிமுகமில்லாதவர்கள் நடுவில், அறிமுகமில்லாத படுக்கையில் அவர் கிடப்பார். அவர் கத்தினால் அது துக்கம் என்று யாருக்கும் தோன்றாது, நடத்தைப் பிரச்சினை என்று எழுதி மருந்தைக் கூட்டுவார்கள். முப்பதில் மாறினால், முதலில் ஓர் இரவு, பிறகு வார இறுதி, பிறகு பாதி வாரம் என்று போகலாம். முதல் சில வாரங்களில் தூக்கம் கெடும், பழைய பழக்கங்கள் திரும்பி வரும். அதை வைத்தே தோல்வி என்று முடிவு கட்டி அழைத்து வந்துவிடக் கூடாது. அந்த நேரத்தில் பெற்றோர் ஒரு தொலைபேசி தூரத்தில் இருப்பதுதான் பெரிய பலம். எந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம், எந்த மாத்திரையை எதில் கரைத்தால் விழுங்குவார், மழை நாளில் ஏன் வெளியே வர மாட்டார் என்று இருபது முப்பது வருட விவரங்கள் அவர்கள் தலைக்குள் மட்டுமே இருக்கின்றன. உதவியாளர்கள் கேட்கக் கேட்கத்தான் அவை ஒவ்வொன்றாக வெளியே வரும்.

கூடப்பிறந்தவர்களுக்கும் இதில் ஓர் இடம் உண்டு. குளிப்பாட்டுவதும் மருந்து கொடுப்பதும் ஊழியர்கள் பொறுப்பில் போய்விட்டால், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கும் தங்கை தங்கையாகவே வரலாம். வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்களா, உதவி நேரத்தை யாராவது சத்தமில்லாமல் குறைத்துவிட்டார்களா என்று அவர் கேட்டுக்கொண்டால் போதும். அதைக் கேட்க, வெளியாள் ஒருவர் எப்போதும் தேவைப்படுகிறார்.